வெப்ப நாட்டில் உருக்கின் நொறுங்கு முறிவு

உருக்கு முறியுமுன் வளையும். வளைந்து, நீண்டு, எச்சரித்த பின்னரே முறியும். இந்நம்பிக்கையிலேயே பாலங்களும் கப்பல்களும் அமைக்கப்படுகின்றன. அது பொய்த்துப்போகும் நிலையே நொறுங்கு முறிவு எனப்படுவது. 1943 சனவரி 16 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரில், அலையற்ற நீரில் கட்டப்பட்டு நின்ற 'சுகெனக்ரடி' என்னும் புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் பேரோசையுடன் நடுவே பிளந்தது. 'லிபேட்டி' வகைச் சரக்குக் கப்பல்கள் பலவற்றிலும் இத்தகைய வெடிப்புகள் கண்டன. அவற்றுட் பல, சரக்கறை வாயிலின் சதுர மூலைகளிலேயே தொடங்கியிருந்தன. தகடுகளை உருக்கி ஒட்டிய முறையையே முதலிற் பலர் குறைகூறினர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துக் கொன்சுரன்சு ரிப்பர் அம்மையாரின் ஆய்வுகளோ உருக்கின் தன்மையையே சுட்டின. குறித்த ஒரு வெப்பநிலைக்குக் கீழ் அவ்வுருக்கு, கண்ணாடி போல் நொறுங்கக் கூடியதாய் இருந்தது.

இதனைப் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவர், இது குளிர்நாட்டார் கவலை என்று எண்ணுதல் இயல்பே. குடாநாட்டில் மார்கழிப் பனியிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்குவது அரிது. ஆயினும் அவ்வெண்ணம் பாதி உண்மையே. உருக்கு எந்த வெப்பநிலையில் நொறுங்கத் தொடங்கும் என்பதை அதன் வேதியியற் சேர்க்கை மட்டும் முடிவு செய்வதில்லை. அதனுள் இருக்கும் பளிங்கு மணிகளின் பருமனும், அதன்மேல் விழுந்த வெட்டின் வடிவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. கீறல், பள்ளம், கூர்மூலை அனைத்தையும் இங்கு 'வெட்டு' என்றே குறிப்போம்.

இழுவைக்கு உட்பட்ட உருக்கிற்கு இரு வழிகள் உண்டு. அணுப்படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால் அது நீளும். அணுத்தளங்கள் நேரே பிரிந்தால் நொறுங்கும். எவ்வழி எளிதோ அவ்வழியே நிகழும். வெப்பநிலை தாழ்ந்தால் வழுக்கல் கடினமாகும். பிளவுக்கு வேண்டிய தகைப்போ பெரிதும் மாறுவதில்லை. இவ்விரண்டும் சமனாகும் இடத்தையே மாறுநிலை வெப்பநிலை என்கிறோம்.

வெட்டு இருவகையில் தீங்கு செய்கிறது. 1913 இல் இங்கிலிசு என்னும் பொறியியலறிஞர், துளையின் ஓரத்தில் தகைப்பு எத்தனை மடங்காகும் என்று கணித்தார். வட்டத் துளையாயின் மூன்று மடங்கு. ஓரத்தில் 4 மில்லிமீற்றர் ஆழமான வெட்டின் நுனியாரை 1 மில்லிமீற்றராயின் ஏறத்தாழ ஐந்து மடங்கு, நுனியாரை 0.01 மில்லிமீற்றராயின் நாற்பது மடங்கிற்கு மேல். ஆழம் ஒன்றே, கூர்மைதான் வேறு. (இளகாத பொருளுக்கே இக்கணக்கு முழுமையாகப் பொருந்தும், உருக்கில் நுனி சற்று இளகி, மடங்கு குறையும்.) மற்றைய தீங்கு இதனினும் நுட்பமானது. நுனியில் உள்ள உருக்குக் குறுக்கே சுருங்க முயல, சூழவுள்ள பகுதி அதனைச் சுருங்கவிடாது பிடித்துக்கொள்கிறது. மும்முகமாக இழுபடும் அவ்விடத்தில் வழுக்கலுக்கு வேண்டிய தகைப்பு மூன்று மடங்கு வரை உயரக்கூடும். ஆகவே வெட்டு, உருக்கைக் குளிரூட்டாமலே குளிர்ந்தது போலாக்கிவிடுகிறது.

மணிகளின் பருமன் பற்றி ஹோல் 1951 இலும் பெச் 1953 இலும் காட்டிய தொடர்பு எளிமையானது: உருக்கின் உறுதி, மணி விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறான ஓர் உறுப்பினால் உயர்கிறது. பெரிய மணியில் பளிங்குக் குறைகள் நீண்ட வரிசையாய் நகர்ந்து எல்லையில் முட்டிக் குவிகின்றன. அக்குவியலின் முனையிலேயே பிளவு பிறக்கிறது. மணி சிறிதாயின் வரிசை குறுகும். பிளவும் மணியெல்லைதோறும் திசைமாறித் தடைப்படும். பொதுவாக உருக்கை உறுதியாக்கும் வழிகள் அதனை நொறுங்கவும் வைப்பன; மணிகளை நுண்ணிதாக்கல் மட்டுமே இரண்டையும் ஒருங்கே நலமாக்கும் அரிய வழி.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1990 இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தையும், 2015 சனவரியில் காங்கேசன்துறையையும் மீண்டும் அடைந்தது. தண்டவாள உருக்கில் காபன் மிகுதி. தேய்மானத்தைத் தாங்க அது வேண்டும். ஆனால் வெட்டிட்டு மோதிச் சோதித்தால், சாதாரண தண்டவாள உருக்கின் மாறுநிலை வெப்பநிலை நம் நண்பகல் வெப்பத்துக்கும் மேலே நிற்கிறது. நம் வெயில் அதனைக் காப்பதில்லை. வெடிப்பு வளருமுன் கண்டுபிடிப்பதே காக்கிறது. இணைதகட்டின் திருகாணித் துளைகளைப் பரிசோதகர் உற்றுநோக்குவது இதனாலேயே.

சுண்ணக்கற் பாறையைப் பிளந்து கிணறு வெட்டும் அலவாங்கும் இப்பாடத்தையே சொல்லும். மழுங்கிய நுனியைத் தீட்டும்போது உலையில் அளவுக்கு மிஞ்சி, வெண்சூடு ஏறும்வரை வைத்தால் மணிகள் பருக்கின்றன. பின்னர் முறிந்த முகம் சீனிபோல் மினுங்கும். நுண்மணி உருக்கின் முறிமுகமோ சாம்பல் நிறமாய் மங்கியிருக்கும். ஆய்வுகூடம் இல்லாத பட்டறையிலும் இச்சோதனை இயலும். உருக்கி ஒட்டிய மூட்டின் அருகிலும் இதே பருத்தல் நிகழ்கிறது. மூட்டின் விளிம்பில் ஒரு பள்ளமும் இருந்துவிட்டால் பருமணியும் வெட்டும் ஓரிடத்திற் கூடிவிடும்.

கடனீரேரியின் உப்புக்காற்றில் துருவரிக்கும் குழிகளைப் பலர் பெரிதும் அஞ்சுகின்றனர். அவை பெரும்பாலும் மழுங்கிய குழிகளாதலால், உளியின் ஒரு கூரிய தவறான வெட்டை விடத் தீங்கு குறைந்தவை என்பதே எம் கருத்து. ஆனால் பாரம் ஏறி இறங்கும் இடங்களில் அக்குழியடியிலிருந்து கூரிய வெடிப்பு மெல்ல வளரக்கூடும். அத்தகைய வெடிப்பைக் கண்டால், அதன் நுனியில் ஒரு வட்டத் துளை இடுதல் பழைய தற்காலிக வழி: கூர்மை போய், நாற்பது மடங்கு மூன்றை நோக்கி இறங்கும். பருத்த மணிகளையோ, ஏறத்தாழ 900 பாகைக்குச் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டு மீண்டும் நுண்ணியதாக்கலாம்.