வீட்டுப் பூனையை வயல் வாடியிற் பழக்குதல்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிற் குடியிருந்து, படுவான்கரையில் வெள்ளாமை செய்யும் கமக்காரர்களே! வாடியில் அடுக்கிய விதைநெல் மூட்டைகளை எலிகள் அரிப்பதைக் கண்டு, வீட்டில் வளர்ந்த பூனையொன்றை அங்கே கொண்டுபோய் விட எண்ணுவீர்கள். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் இப்பயணம் எளிதாயிற்று. ஆயினும் சாக்கிலே கட்டிக் கொண்டுசென்று வாடி முற்றத்தில் அவிழ்த்துவிடப்படும் பூனை, பெரும்பாலும் மறுநாட் காலையில் அங்கே இருப்பதில்லை. எலி பிடிக்கச் சோம்பி அது ஓடிவிட்டதென்று குறை கூறுதல் தவறு. பூனை, மனிதரைப் பழகுவதுபோலவே இடத்தையும் பழகும் விலங்கு. அறியாத இடத்தில் விடப்பட்டால் பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டு, வழியில் நாய்க்கோ நரிக்கோ இரையாகின்றது. ஆகையால் முதல் மூன்று வாரமே இதில் முக்கியமானது.

எல்லாப் பூனையும் இதற்கு ஏற்றதன்று. ஏற்கெனவே வளவில் உலாவி, பல்லியையும் சுண்டெலியையும் துரத்தும், ஒரு வயதுக்கு மேற்பட்ட திடமான பூனையே தக்கது. மடியிலும் அடுப்படியிலுமே வளர்ந்ததையும், கிழப் பூனையையும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும் வீட்டிலேயே வைத்திருங்கள். ஒருங்கே வளர்ந்த இரண்டை அனுப்புதல் இன்னும் நன்று.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டி, விசர்நோய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுப்பித்து, கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்வித்தல் வேண்டும். கருத்தடை செய்யாத கடுவன், துணை தேடி வெகுதூரம் அலையும்; பெட்டையோ ஆண்டுக்கு இருமுறைக்கு மேலும் ஈன்று, வயலையும் பற்றைக்காட்டையும் பசித்த குட்டிகளால் நிரப்பும்.

மாரி அறுவடை முடிந்து, இயந்திரங்களின் இரைச்சல் ஓய்ந்த பங்குனி, சித்திரை மாதங்களே மாற்றுதற்கு உகந்த காலம். காற்றோட்டமுள்ள பெட்டியில், அது படுத்துறங்கிய பழந்துணியையும் இட்டுக் கொண்டுசெல்லுங்கள். வாடியின் ஓர் அறையைக் கம்பிவலையால் அடைத்து, பூனையை அதனுள்ளே மூன்று முதல் நான்கு வாரம் வைத்தல் வேண்டும். தண்ணீர், மணல் நிரப்பிய தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி ஆகியன அங்கே இருக்க வேண்டும். முதலிரு நாட்கள் அது உண்ணாமற் பதுங்கினாலும் வலிந்து பிடியாதீர்கள். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே குரலால் அழைத்து, சோறும் மீனும் கொடுங்கள். நான்காம் வாரத்தில், உணவு வேளைக்குச் சற்று முன்னர், பசியோடிருக்கும்போது கதவைத் திறந்துவிட்டால், சுற்றிப்பார்த்து உணவுக்குத் திரும்பிவரும். வாசலருகே அது பயன்படுத்திய மணலிற் சிறிது தூவிவைப்பதும் இடத்தை அடையாளங்காண உதவும்.

பசித்த பூனைதான் எலி பிடிக்கும் என்பது நம்மிடையே ஊறிய தவறான எண்ணம். வேட்டை அதன் இயல்பு. பட்டினி அதனை வேறிடம் நாடச் செய்யுமேயன்றி எலியை ஒழிக்காது. பொழுது சாயும் வேளையில் உணவிட்டு, இரவில் நெல் வைத்திருக்கும் அறைக்குள்ளேயே அடைத்துவிடுங்கள். வாவிக்கரை முதலைக்கும் ஊர் நாய்க்கும் அது தப்பும். எலி நடமாடும் நேரத்தில் எலி வரும் இடத்திலும் இருக்கும். வயலிற் கூடுகட்டும் ஆட்காட்டி முதலிய பறவைகளுக்கும் இதனால் நட்டம் குறையும். பூனையின் எச்சம் நெல்லிலும் ஆட்டுத் தீனியிலும் சேராதபடி அவற்றை மூடிவைத்தல் வேண்டும். அதிலுள்ள ஒருவகைக் கிருமி ஆடுகளிற் கருச்சிதைவை உண்டாக்கும். கர்ப்பிணிகள் மணற்றட்டைத் துப்புரவு செய்தலாகாது.

பூனையிடம் அளவுக்கு மிஞ்சி எதிர்பார்த்தலும் ஆகாது. நியூயோர்க் நகரில் நடத்தப்பெற்று 2018இல் வெளியான ஆய்வொன்றில், பூனைகள் பெருத்த எலிகளை மிக அரிதாகவே கொன்றன. ஆனால் பூனை உலாவிய நாட்களில் எலிகள் வெளியே வருவது குறைந்தது. வாடியிலும் அது சுண்டெலியையும் இளம் எலியையும் பிடிக்கும். மற்றவற்றை அஞ்சச் செய்யும். வரம்பிலே வளைதோண்டும் பெரிய வயலெலிக்கு, வரம்பைச் செதுக்கிப் புல்லகற்றி, வளையை வெட்டி அழித்தலே வழி.

பூனை இருக்கும் வாடியில் எலிநஞ்சு வைக்கவே கூடாது. நஞ்சுண்ட எலி உடனே இறவாமல் தள்ளாடித் திரியும். எளிதாகக் கிடைக்கும் அவ்வெலியையே பூனை முதலிற் பிடித்துண்டு இரத்தம் கசிந்து மடியும். அயல் வயற்காரர் நஞ்சு வைத்தாலும் இவ்வாபத்து உண்டு. ஆகவே அவர்களோடு முன்னரே பேசி, நஞ்சு வைக்கும் நாட்களைக் கேட்டறிந்து, அந்நாட்களிலும் அடுத்த இரு வாரங்களிலும் பூனையை அடைத்துவையுங்கள். பூச்சிமருந்து தெளித்த நாளிலும் அவ்வாறே செய்க. அது பாதத்தை நக்கியே மருந்தை உட்கொள்ளும். காய்ச்சல் கண்டதென்று மனிதருக்குரிய பரசிற்றமோல் குளிசையைக் கொடாதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதுமானது.

கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் ஏறும் வாடியாயின், அல்லது காவற்காரரும் ஊர் திரும்பும் காலமாயின், பூனையையும் பெட்டியிலிட்டு எழுவான்கரைக்குக் கொண்டுவருதல் வேண்டும். தை மாதத்தில் மீண்டும் கொண்டுசெல்லும்போது, இடம் அறிந்த பூனையேயாயினும், ஒரு வாரமாவது அறைக்குள் வைத்து, அதன் பின்னரே திறந்துவிடுங்கள்.