பையன்களின் மாலைப்பொழுது

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்வோர் முட்டுக்காட்டில் சற்று நேரம் வண்டியை நிறுத்தாமற் போவது அரிது. ஒரு புறம் வங்கக்கடல், மறு புறம் உப்பங்கழி, கழியில் படகுகள். விடுமுறை நாட்களில் நகரத்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வந்து இக்கரையில் களித்துச் செல்கிறார்கள். அவர்களிற் சிலர் விட்டுச் செல்லும் காலிப் புட்டிகள் மணலிற் கிடக்கின்றன. நகரத்தார் அவற்றை மறந்துவிடுகின்றனர். அக்கரையிலேயே பிறந்து வளரும் சிறுவன் மறப்பதில்லை. பெரியவர்களுக்கு உல்லாசம் என்றால் இன்னது என்ற பாடத்தை அவன் பள்ளிக்கூடத்தில் கற்பதற்கு முன்பே கடற்கரையிற் கற்றுவிடுகிறான். அச்சிறுவனைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

மதுவைப் பற்றி நம் நாட்டில் நடந்த வாதங்களுக்குக் குறைவில்லை. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948 அக்டோபர் 2-ஆம் தேதி சென்னை மாகாணம் முழுவதும் அது அமலுக்கு வந்தது. 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டும் வந்து, 1981-இல் மறுபடி விலகிற்று. 2003-ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனையையும் சர்க்கார் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. கடை வேண்டுமா, வேண்டாமா என்ற இவ்வாதம் முழுவதும் வளர்ந்த மனிதர்களைப் பற்றியது. மதுவிலக்கை நாடுவோரும் அதனை மறுப்போரும் ஒரு விஷயத்தில் மட்டும் கருத்து மாறுபட மாட்டார்கள்: பதினைந்து வயதுப் பையன் குடிக்கலாகாது. ஆயினும், எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயமாகையால், இதற்காக யாரும் வேலை செய்வதில்லை.

நிலைமை யாது? அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த போதை சிகிச்சை மையம் நாடெங்கும் ஆராய்ந்து, 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்து முதல் பதினேழு வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 1.3 பேர், அதாவது சுமார் 30 லட்சம் சிறுவர் சிறுமியர், மது அருந்துவதாக அதிற் காண்கிறோம். இதனினும் கவலை தருவது வேறொன்று. பசை, தின்னர் முதலியவற்றை முகர்ந்து மயங்கும் பழக்கம் பெரியவர்களிடையே நூற்றுக்கு 0.58, சிறுவர்களிடையே 1.17. போதைகளில் இது ஒன்றில் மட்டுமே சிறுவர்கள் பெரியோரை முந்திவிட்டார்கள். காரணம் எளிது. இதற்குச் சாராயக்கடை தேவையில்லை. சில்லறைக் காசும் மூலைக்கடையும் போதும்.

'வாலிபத்தில் எல்லோரும் செய்வதுதான். கலியாணமானால் சரியாகிவிடும்' என்று சொல்லும் பெரியோர் உளர். இது பெருந்தவறு. ஆசையை அடக்கிப் பின்விளைவை எண்ணிப் பார்க்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது. அமெரிக்காவில் 1990-களில் 40,000-க்கு மேற்பட்டோரை விசாரித்து நடத்திய ஆராய்ச்சியில், பதினைந்து வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பிற்காலத்தில் குடிக்கு அடிமையானதாகத் தெரியவந்தது. இருபது வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அத்தகையோர் நூற்றுக்குப் பத்துப் பேரே. ஆகவே ஒரு பையனின் முதற் குடியை ஐந்தாண்டு தள்ளிப்போடுவதே பெரிய வெற்றியாகும்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாதென்பது நமது ராஜ்ய விதி. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது ஷரத்து, பதினெட்டு வயது நிரம்பாத ஒருவருக்கு மதுவையோ, போதைப் பொருளையோ, புகையிலையையோ கொடுப்போருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 78-ஆவது ஷரத்து, குழந்தையைக் கொண்டு மது விற்பவரை மட்டுமின்றி, அதனைச் சுமந்துவரச் செய்பவரையும் குற்றவாளியாக்குகிறது. 'தம்பி, ஓடிப்போய் ஒன்று வாங்கி வா' என்று பையனை ஏவும் அண்ணன்மாரும் மாமன்மாரும் இந்த ஷரத்தை ஒரு முறை படித்துப் பார்ப்பது நலம். கடைக்காரன் பையனுக்கு விற்காவிட்டாலும் புட்டி அவன் கைக்கு வருகிறதென்றால், அதனைக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள நாம்தாம்.

சட்டத்தை இறுக்க வேண்டியது அவசியமே. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் நமது செங்கற்பட்டு ஜில்லாவின் மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு இருபதுக்கு மேற்பட்டோர் பலியாயினர். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விஷம் விற்போரைப் போலீஸார் பிடிக்கட்டும், கோர்ட்டுகள் தண்டிக்கட்டும். ஆனால் போலீஸாரால் ஒரு வேலையைச் செய்ய இயலாது. பள்ளிக்கூட மணி அடித்தபின் இரவு உணவு வரையில் பையன் எங்கே போவான், யாருடன் இருப்பான், எதிற் களிப்பான் என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. போதை வியாபாரிக்கோ விடை தெரியும். வெறுமையாய்க் கிடக்கும் அந்த நான்கு மணி நேரந்தான் அவனுக்கு முதலீடு.

இதற்கு விடை தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. முட்டுக்காட்டுக் கழிமுகத்தைத் தாண்டினால் கோவளம். அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர், பலகையொன்றின் மீதேறி அலைச்சறுக்கு ஆடக் கற்றார். பின்னர் 2012-இல் பிறரது துணையுடன் அதற்கொரு பள்ளி ஏற்பட்டது. அங்குப் பழக விரும்பிய ஊர்ப் பையன்களுக்கு அவர் விதித்த சட்டம் மிகச் சிறியது: புகை கூடாது, குடி கூடாது, அலைச்சறுக்கு ஒன்றே. அவர் மதுவின் தீமையைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கவில்லை. குடித்தவன் கைவிட நேரும் ஓர் இன்பத்தைப் பையனுக்கு முதலிற் கொடுத்தார். இழக்க மனம் வராத ஒன்று கையில் இருந்தால்தான் 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு பையனுக்குப் பிறக்கும்.

கோவளத்தில் ஒருவர் செய்ததை ஐஸ்லாந்து என்னும் சிறு நாடு சர்க்கார் காரியமாகவே செய்தது. 1998-இல் அங்குப் பதினைந்து, பதினாறு வயதினரில் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்திற் குடித்து வெறித்தவர்கள். 2016-இல் அத்தொகை 5 ஆயிற்று. மது விற்பனைக்கு இருபது வயது வரம்பு, இரவில் சிறுவர் வெளியே திரியக் கட்டுப்பாடு, பெற்றோர் சங்கங்களின் உடன்படிக்கை, ஆண்டுதோறும் மாணவர்களிடையே விசாரணை ஆகிய இவற்றோடு நிற்காமல், விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் பொதுப் பணத்தைத் தாராளமாகச் செலவிட்டார்கள். தலைநகரான ரெய்க்யாவிக்கில் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இதற்கென ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்கினர்.

'அது செல்வ நாடு, நமக்கேது பணம்?' என்று கேட்கப்படும். 2023-24-இல் மது விற்பனையால் நமது ராஜ்ய சர்க்காருக்கு 45,855 கோடி ரூபாய் வருமானம் கிடைத்தது. மதுவருமானத்தை இழந்த ராஜாஜி மந்திரிசபை 1939-இல் விற்பனை வரியை ஏற்படுத்தி ஈடுசெய்ய வழி கண்டது. வருமானத்தை இழக்க மனமில்லாவிட்டால், அதில் நூற்றுக்கு ஒரு பங்கையேனும் பையன்களுக்கென்று ஒதுக்கிவைக்கும்படி கேட்கிறோம். அதுவே ஆண்டுக்கு 450 கோடிக்கு மேலாகும். முட்டுக்காடு முதலான ஒவ்வொரு பஞ்சாயத்திலும் விளக்கு வசதியுள்ள ஒரு மைதானம், சம்பளம் பெறும் ஓர் ஆசான், இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் ஒரு வாசகசாலை ஆகியவை அமையட்டும். சடுகுடுவோ, சிலம்பமோ, நீச்சலோ, பறையோ, ஊருக்கு எது பிடிக்குமோ அது நடக்கட்டும். பெண் குழந்தைகளுக்கும் அங்கு இடமிருக்க வேண்டும்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்ட பையனைப் பள்ளியிலிருந்து விரட்டுவது பெரும் பிழை. விரட்டப்பட்டவன் போய்ச் சேருமிடம் போதை வியாபாரியின் வாசலே. குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதை, சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி ஸ்தாபனம் பல்லாண்டுகளாகக் காட்டி வந்திருக்கிறது. போதையினின்று மீள வழி கேட்போருக்கு 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைச் சர்க்கார் ஏற்படுத்தியிருக்கிறது. தலைமையாசிரியர்கள் இதனைப் பள்ளிச் சுவரில் எழுதிவைக்கலாம்.

முடிவாக, பொது வாழ்வில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மையாரும் கள்ளுக்கடை மறியலில் நின்றார்கள். அந்தப் பரம்பரையைச் சொல்லிப் பெருமைப்படாத கட்சி நம் நாட்டில் இல்லை. ஆனால் தேர்தல் வந்தால் கொடி கட்டவும் கோஷமிடவும் மீசை முளைக்காத பையன்களை அழைத்து, பொழுது சாய்ந்ததும் பிரியாணியோடு புட்டியையும் கையில் திணிக்கும் வழக்கம் எல்லாக் கட்சியிலும் உண்டென்பது நேயர்கள் அறியாததன்று. பல பையன்களுக்கு முதற் குடியைக் கொடுத்தவர்கள் தேசத்தொண்டர் என்ற பெயருடையவர்களே! 77-ஆவது ஷரத்து கட்சி பார்ப்பதில்லை. வரும் தேர்தலில் எந்தச் சிறுவனுக்கும் மது கொடுப்பதில்லை என்று ஒவ்வொரு கிளையும் தீர்மானம் நிறைவேற்றி, அதன்படி நடந்து காட்டட்டும். சர்க்காரிடம் மைதானம் கேட்கும் உரிமை அதன் பிறகே நமக்கு உண்டு.