தட்டு கெட்டதா, குறிப்பு கெட்டதா?

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, நாம் அங்கம் வகிக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தாழ்வாரத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் அமர்ந்திருந்தனர். நெய்த சேலைகளை ஒப்படைத்துவிட்டுக் கூலி பெற்றுச் செல்ல வந்தவர்கள் அவர்கள். உள்ளே மேஜைமீதிருந்த கணினியோ எழ மறுத்துவிட்டது. கறுத்த திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி. இயக்குதற்குரிய தட்டு எதுவும் காணப்படவில்லை என்பது அதன் பொருள். எழுத்தர் மும்முறை அணைத்து மும்முறை ஏற்றினார். மும்முறையும் அதே வரிதான் தோன்றியது.

பழுது பார்ப்பவர் ஒருவரை வரவழைத்தோம். அவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஹார்டு டிஸ்க் போய்விட்டது. ஃபார்மட் செய்து பார்க்கலாம், இல்லையேல் புதிது வாங்க வேண்டும்" என்று தீர்ப்பளித்தார். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பவை என்னவாகும் என்று கேட்டோம். "எல்லாம் போய்விடும்" என்றார்.

எல்லாம் என்றால் எவை? அங்கத்தினர்களின் பங்குத் தொகைக் கணக்கு, நூல் வழங்கிய கணக்கு, கூலிப் பேரேடு, மாதந்தோறும் கூலியில் பிடித்த சேமிப்பு நிதிக் கணக்கு ஆகியவை. இவற்றின் மறுபிரதி எப்போது எடுக்கப்பட்டது என்று விசாரித்ததில், பதினான்கு மாதங்களுக்கு முன்பு என்று தெரிய வந்தது. தாழ்வாரத்தில் இருந்த கைம்பெண் ஒருவர் அந்தப் பதினான்கு மாதமும் தறியில் அமர்ந்து சேர்த்த பணத்திற்கு அந்தத் தட்டு ஒன்றே அத்தாட்சி. அப்படியொரு நிலையில் சங்கத்தை வைத்திருந்த குற்றம் பழுது பார்ப்பவருடையதன்று, நம்முடையதே.

அச்சமயம் நம் காரியதரிசி, "பாவில் இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று தேடுகிறோம், பாவையே வெட்டி எறிவதில்லை. முதலில் தேடுவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தையால் சங்கம் பிழைத்தது. அன்று தேடிக் கற்றவற்றைப் பிற சங்கத்து அன்பர்களும் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சுமார் 63,000ஐக் கணினி மயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டத்திற்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. உழவர் சங்கம், நெசவாளர் சங்கம் என்ற வேறுபாடின்றிப் பேரேடு தட்டிற்குள் குடிபுகுந்துவிட்ட காலம் இது. ஆகவே இது எல்லோருக்கும் உரிய விஷயமாகும்.

தட்டுக்கு முன் எழுவது எது?

மின்சாரம் பாய்ந்தவுடன் தட்டு தானே எழுந்து வேலை தொடங்குகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. மதர்போர்டில் பதிக்கப்பட்ட ஒரு சில்லினுள் சிறியதொரு நிரல் உறைகின்றது. அதுவே முதலில் எழுகிறது. எழுந்து, உறுப்புகள் நலமா எனச் சோதித்து, எந்தத் தட்டை எந்த முறையில் எழுப்ப வேண்டும் என்ற குறிப்பைப் படித்து, அதன்பின் தட்டை அழைக்கிறது. இந்நிரலைப் பயாஸ் என்பர். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் பெர்சனல் கம்ப்யூட்டரிலேயே இஃது இருந்தது. 1984ஆம் ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட ஏ.டி. என்னும் கணினியில், மேற்படி குறிப்புகளைக் காக்க மின்கலத்தால் உயிர் பெறும் ஒரு சிறு நினைவகமும் கடிகாரமும் சேர்த்து வைக்கப்பட்டன. அந்நினைவகத்தின் முழு அளவு 64 பைட்டுகளே. அவற்றிலும் முதல் 14 கடிகாரத்திற்கு உரியவை. எஞ்சிய ஐம்பதில்தான் கணினியின் குடும்ப நிலவரம் முழுவதும் அடங்கியிருந்தது!

இந்நாளில் பயாஸின் இடத்தில் யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை வந்துவிட்டது. மக்கள் வாயில் மட்டும் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. குறிப்புகளை மின்கலத்தின் தயவின்றியே காக்கும் மதர்போர்டுகளும் பல உள. எனினும் பெரும்பாலான மேஜைக் கணினிகளில் கடிகாரத்திற்கு இன்றும் ஒரு நாணயச் செல்லே துணை. செல் தீர்ந்தால் குறிப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும் கணினிகள் நம் சங்கங்களில் ஏராளம்.

ஜக்கார்டு தறியில் நெய்வோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அட்டைகளை வரிசை மாற்றிக் கோத்துவிட்டால் முந்தானையில் மயில் வரவேண்டிய இடத்தில் வேறேதோ வருகிறது. அதற்காகத் தறியை உடைப்பார் உண்டா? பட்டு நூல் கெட்டுவிட்டது என்று சொல்வார் உண்டா? அட்டையை அன்றோ சரிபார்ப்பர்!

தேடும் ஒழுங்கு

முதலாவதாக, பென் டிரைவ், மெமரி கார்டு, குறுந்தகடு ஆகியவற்றை அகற்றிவிட்டு மீண்டும் ஏற்றுக. தட்டை விட்டுவிட்டுப் பென் டிரைவில் எழும்ப முயன்று கணினி திகைத்து நிற்பது அடிக்கடி நிகழ்வதாகும்.

இரண்டாவதாக, ஏற்றியவுடன் டெலீட் அல்லது எஃப் 2 விசையை விட்டுவிட்டு அழுத்தி அமைப்புத் திரைக்குள் செல்க. சில கணினிகளில் எஃப் 1, எஃப் 10 அல்லது எஸ்கேப் விசையாக இருக்கும். தொடக்கத் திரையின் அடியில் எது என்று காட்டும். உள்ளே சென்றதும் எதையும் மாற்றாமல் இரண்டைக் கவனிக்க வேண்டும்: தேதி சரியாக உள்ளதா? தட்டின் பெயர் பட்டியலில் தெரிகிறதா?

தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருப்பின் செல் தீர்ந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தட்டின் பெயர் தெரியவில்லை எனில், கணினியை அணைத்து மின்கம்பியையும் பிடுங்கிவிட்டு, தட்டிற்குச் செல்லும் இரு கேபிள்களையும் கழற்றி உறுதியாகச் செருகிப் பார்க்க வேண்டும். எலி கடித்த கேபிளும் தளர்ந்த கேபிளும் எத்தனையோ நல்ல தட்டுகளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. தட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஓசை கேட்குமாயின் உடனே அணைத்துவிடுக. அதுவே உண்மையான நோய். மேலும் மேலும் ஏற்றிப் பார்ப்பது நோயை முற்றச் செய்யும்; தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொண்டு செல்வதே தகும்.

பெயர் தெரிகிறது, ஆனால் எழும்பவில்லை எனில், பெரும்பாலும் இனிவரும் மூன்று குறிப்புகளுள் ஒன்றில் கோளாறு இருக்கக் கூடும்.

ஒன்று, பூட் வரிசை. எதை முதலில் அழைப்பது என்ற பட்டியல் இது. புதிய முறையில் அமைந்த விண்டோஸ் கணினியில் வெறும் தட்டின் பெயரன்றி, 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற பெயர் முதலில் நிற்க வேண்டும்.

இரண்டு, பூட் முறை. பழைய முறையில் தயாரித்த தட்டில், 512 பைட் கொண்ட முதல் பகுதியிலேயே எழுப்பும் நிரல் எழுதப்பட்டிருக்கும். இதனை எம்.பி.ஆர். என்பர். புதிய முறையினது ஜி.பி.டி. எனப்படும், அதில் எழுப்பும் நிரல் தனிப் பிரிவொன்றில் கோப்பாக இருக்கும். பழைய தட்டிற்கு 'லெகசி' அல்லது 'சி.எஸ்.எம்.' என்னும் குறிப்பு வேண்டும், புதியதற்கு யு.இ.எஃப்.ஐ. வேண்டும். இவை மாறிப்போனால் தட்டு கண்முன் இருந்தும் கணினி அதனை அறியாது. செக்யூர் பூட் என்னும் காவல் இயங்கும்வரை பல கணினிகள் பழைய முறைக்கு இடம் தருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. பழைய கணினியின் தட்டைக் கழற்றிப் புதிய கணினியில் பொருத்தினால் எழும்பாமல் போவதற்கும் இதுவே பல வேளைகளில் காரணம். புதியவை பலவற்றில் பழைய முறையே கிடையாது.

மூன்று, சாட்டா முறை. ஐ.டி.இ., ஏ.ஹெச்.சி.ஐ., ரெய்டு என இதில் பலவகை உண்டு. விண்டோஸ் நிறுவிய நாளில் எது இருந்ததோ அதுவே இருக்க வேண்டும். மாறிவிட்டால் எழும்புவது போலத் தோன்றி, நீலத்திரை காட்டி மீண்டும் மீண்டும் விழும். ஒரே தட்டு உள்ள கணினியிலும் ரெய்டு என்றே வைத்து அனுப்பும் உற்பத்தியாளரும் உளர். ஆகையால் இதுதான் சரியாக இருக்கும் என ஊகித்து மாற்றலாகாது.

செய்யத் தகாதவை

ஒரு வேளையில் ஒரு குறிப்பையே மாற்ற வேண்டும். மாற்றுமுன் பழைய நிலையைக் காகிதத்தில் எழுதுக, அல்லது கைப்பேசியில் படம் எடுக்க. பயன் தராவிட்டால் அதனைப் பழைய நிலையிலேயே வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்க. நான்கையும் ஒருங்கே மாற்றியவர் எது மருந்து, எது நஞ்சு என்று அறிய மாட்டார்.

பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்ட தட்டானால், குறிப்புகளை மாற்றியபின் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கணினி கேட்கலாம். அச்சாவி கையில் இருக்கிறதா என்று அறியாமல் எதையும் தொடலாகாது. டி.பி.எம். சில்லை அழிக்கலாமா என்று திரை கேட்டால் ஆம் என்னற்க. ஃபார்மட், இனிஷியலைஸ் என்னும் சொற்கள் தோன்றினாலும் அவ்வாறே. எழும்பாத தட்டையும் வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளை நகலெடுக்க முடியும். அல்லது லினக்ஸ் உள்ள பென் டிரைவால் கணினியை எழுப்பி நகலெடுக்கலாம். நகல் கைக்கு வந்தபின்னரே சிகிச்சை.

அன்று கண்டது

நம் சங்கக் கணினியின் அமைப்புத் திரையைத் திறந்தபோது மூலையில் தேதி 2015 ஜனவரி 1 என்று நின்றது. தட்டின் பெயரோ பட்டியலில் பழுதின்றி விளங்கியது! செல் தீர்ந்து குறிப்புகள் மறந்துபோக, கணினி யு.இ.எஃப்.ஐ. ஒன்றையே ஏற்கும் நிலைக்குத் திரும்பியிருந்தது. நம் தட்டோ பழைய முறையினது. நாள்தோறும் மாலையில் சிக்கனம் கருதிச் சுவர் சுவிட்சை அணைத்து வந்தோம். மின்சாரம் இல்லாத நேரத்தில்தான் செல் உழைக்கிறது. ஆகவே நம் சிக்கனமே அதன் ஆயுளைக் குறைத்திருந்தது. இதற்காகச் சுவிட்சை இரவெல்லாம் எரியவிட வேண்டுமென்று சொல்லவில்லை. செல்லை உரிய காலத்தில் மாற்ற வேண்டும் என்பதே பாடம்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதிய செல்லை இட்டோம். சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட் என்பதை அப்பெயரும் அதன் முகமும் தெரிவிக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைகூட ஆகவில்லை. தீர்ந்த செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தினோம். விழுங்கினால் உயிருக்கே ஆபத்தானது அது. பின்பு தேதியைத் திருத்தி, பூட் முறையை லெகசி என மாற்றி, எஃப் 10 விசையால் பதிந்து வெளிவந்தோம். கணினி எழுந்தது. கூலிப் பேரேடு திறந்தது.

காரியதரிசி உடனே கூலி வழங்கத் தொடங்கவில்லை. "இன்னும் அரைமணி பொறுங்கள், முதலில் உங்கள் கணக்குக்கு இரண்டு நகல் எடுக்கிறோம்" என்று தாழ்வாரத்தில் சொன்னார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

சங்கத்தின் கடமை

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. வாரந்தோறும் இரு நகல்கள் எடுத்து, ஒன்றை அலுவலகத்திற்கு வெளியே வைத்தல். நிர்வாகக் குழுவின் எழுத்து மூலமான அனுமதியின்றி எவரும் எந்தத் தட்டையும் ஃபார்மட் செய்யலாகாது என்னும் விதி. கணினிக்கென்று ஒரு குறிப்பேடு. அக்குறிப்பேட்டில் பூட் முறை, பூட் வரிசை, சாட்டா முறை, செல் மாற்றிய தேதி ஆகியவை எழுதப்பட்டுள்ளன. மீட்புச் சாவி உள்ள கணினியானால் அதுவும் அதில் இடம்பெற வேண்டும். ஆகையால் அந்த ஏடு இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

பங்குத் தொகையும் சேமிப்பும் நம் கைப்பொருள். அவற்றைக் காக்கும் கணக்கைப் பற்றி ஒருவர், "எல்லாம் போய்விட்டது" என்று கூறும்போது, "தட்டின் பெயர் திரையில் தெரிகிறதா?" என்று கேட்கும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு. அடுத்த முறை கூலி பெறச் செல்லும்போது, கடைசி மறுபிரதி எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று உங்கள் எழுத்தரைக் கேட்டுப் பாருங்கள்.