கத்ரீனா: சில்லறைக் காசு நோட்டீஸில் பிறந்து உலகம் சுற்றும் எலும்புக்கூடு!

நவம்பர் நெருங்கினாலே உங்க இன்ஸ்டா ஃபீடில் அந்த முகம் எட்டிப் பார்த்திருக்கும். வெள்ளை பூசிய மண்டையோடு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம், தலையில் பூவும் இறகும் வைத்த பெரிய தொப்பி. டாட்டூ கடை ஆல்பத்தில், டி-ஷர்ட்டில், போன் கவரில், பார்ட்டி மேக்கப் ரீல்ஸில் எல்லாம் அவள்தான். பெயர் கத்ரீனா. மெக்சிகோவின் 'இறந்தோர் தினம்' என்றாலே உலகத்துக்கு ஞாபகம் வருவது இந்த முகம்தான்.

ஆனா ஒரு விஷயம் தெரியுமா? இவள் அழகுக்காக வரையப்பட்டவள் இல்லை, கிண்டல் பண்ண வரையப்பட்டவள். அதுவும் ஆர்ட் கேலரிக்காக இல்லை. தெருவில் விற்ற மலிவான தாளுக்காக!

சில்லறைக் காசுக்கு ஒரு உலகம்

1880-ல் மெக்சிகோ சிட்டியில் அந்தோனியோ வனேகாஸ் அர்ரோயோ என்பவர் ஒரு அச்சகம் ஆரம்பிக்கிறார். அப்போ அங்கே போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சிக்காலம். ரயில், மின்விளக்கு, பாரீஸ் ஃபேஷன் என்று பணக்காரர்கள் பக்கம் நாடு ஜொலித்தது. மறுபக்கம் பெரும்பாலான ஜனங்களுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. புத்தகக் கடை அவர்களுக்கானது இல்லை.

அவர்களுக்குத்தான் வனேகாஸ் அர்ரோயோ அச்சடித்தார். நம்ம பிட் நோட்டீஸ் மாதிரி ஒற்றைத் தாள்கள், சில பக்கங்களே உள்ள குட்டிப் புத்தகங்கள். பச்சை, ரோஸ், மஞ்சள் என்று மெல்லிய மட்டரகக் காகிதம். ஒரு சென்டாவோ, இரண்டு சென்டாவோ விலை. பெசோவில் நூறில் ஒரு பங்குதான் சென்டாவோ.

உள்ளே என்ன இருக்கும்னு கேட்டால் அசந்துடுவீங்க. காதலிக்கு அனுப்பக் கடித மாதிரிகள், சமையல் குறிப்பு, விடுகதை, குழந்தைகள் நடிக்கக் குட்டி நாடகம், மேஜிக் வித்தை, பாட்டுப் புத்தகம், பிரார்த்தனை. ஒற்றைத் தாள்களில் கொலை, கொள்ளை, நிலநடுக்கம், மரண தண்டனை, அதிசயம். 1910-ல் ஹேலி வால்நட்சத்திரம் வந்தப்போ அதுக்கும் ஒரு தாள் வந்தது. அன்றைய வாட்ஸ்அப் ஃபார்வர்டு, யூடியூப், செய்தி சேனல் எல்லாமே அந்தத் தாள்தான்.

இதைச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கொண்டுபோய் விற்றார்கள். செய்தியே பல நேரம் 'கொரிதோ' என்ற கதைப்பாட்டு வடிவில் இருக்கும். அதைப் பாட ஒருத்தர் இருந்தால் போதும், படிக்கத் தெரியாதவருக்கும் விஷயம் போய்ச் சேரும். ஆனா கூட்டத்தில் போகிறவரை நிறுத்திக் கையில் காசை எடுக்க வைப்பது பாட்டு மட்டும் இல்லை, தாளின் மேல்பாதியில் இருக்கும் படமும்தான். இன்றைக்கு நீங்க தம்ப்நெயில் பார்த்து வீடியோவை கிளிக் பண்றீங்களே, அதே கணக்கு.

தகட்டோடு மல்லுக்கட்டிய மனுஷர்

அந்த 'தம்ப்நெயில்'களை உருவாக்கியவர் ஹோசே குவாதலூப்பே பொசாடா. 1852-ல் அகுவாஸ்காலியந்தஸ் நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே ஒரு லித்தோ அச்சகத்தில் தொழில் பழகினார். 1871-ல், பத்தொன்பது வயதில், 'எல் ஹிகோத்தே' என்ற உள்ளூர் நையாண்டிப் பத்திரிகைக்கு கார்ட்டூன் போட்டார். அடுத்து லெயோன் நகருக்குப் போனார். 1888-ல் அந்த ஊரைப் பெருவெள்ளம் புரட்டிப் போட்டது. அந்த ஆண்டே தலைநகருக்கு வந்துவிட்டார். வனேகாஸ் அர்ரோயோவிடம் ஏற்கெனவே மனுவேல் மனில்யா என்ற கைதேர்ந்த செதுக்குக் கலைஞர் இருந்தார். மண்டையோட்டுப் படங்களில் பொசாடாவுக்கு முன்னோடி அவர்தான்.

வேலை எப்படி நடந்ததுன்னு பார்ப்போம். ஈயக் கலவைத் தகட்டில் உளியால் கோடு கீறுவது ஒரு முறை. கீறிய இடத்தில் மை ஒட்டாது, அதனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடாக விழும். இன்னொன்று துத்தநாகத் தகடு. அமிலம் அரிக்காத மையால் அதன்மேல் நேரடியாக வரைந்து, தகட்டை அமிலத்தில் விடுவார்கள். மை இல்லாத இடத்தை அமிலம் தின்றுவிடும், வரைந்த கோடு மட்டும் மேடாக நிற்கும். செதுக்குவதைவிட இது வேகம், பேனாவால் வரைவது மாதிரி சுலபம்.

இரண்டிலுமே படம் மேடாக இருப்பதால், கோர்த்த எழுத்துகளோடு சேர்த்து ஒரே அழுத்தில் அச்சடிக்கலாம். செலவு மிச்சம், நேரமும் மிச்சம். காலையில் நடந்த சம்பவத்தின் சூடு ஆறுவதற்குள் தாள் தெருவுக்கு வந்தால்தானே வியாபாரம்! ஒரே பிளாக்கை வேறு கதைக்கும் திரும்பப் பயன்படுத்துவதும் சகஜம். இதில் இன்னொரு சவாலும் உண்டு. அச்சில் இடம் வலமாக மாறும் என்பதால், எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழாக யோசித்து வரையணும்.

பொசாடாவின் பட்டறை தெருவைப் பார்த்தபடி இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பையன் நின்று வேடிக்கை பார்ப்பான். பின்னாளில் மெக்சிகோவின் மிகப்பெரிய சுவரோவியர்களில் ஒருவரான ஹோசே க்ளெமென்தே ஒரோஸ்கோதான் அந்தப் பையன். தனக்கு ஓவிய ஆசை வந்ததே அங்கேதான்னு சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

எல்லாரும் ஒருநாள் எலும்புதானே!

இறந்தோர் தினம் வந்தால் 'கலவேரா' தாள்கள் பறக்கும். கலவேரா என்றால் மண்டையோடு. உயிரோடு இருக்கும் ஆளை இறந்துவிட்டதாக வைத்து நக்கலாக இரங்கற்பா எழுதுவதற்கும் அதே பெயர்தான். அரசியல்வாதி, பத்திரிகையாளர், தெருக்கூட்டுபவர், குடிகாரர் என்று யாரும் தப்ப முடியாது. பொசாடாவின் எலும்புக்கூடுகள் சைக்கிள் ஓட்டின, குடித்தன, ஆடின, காதலித்தன. சதையை உரித்துவிட்டால் ராஜாவும் கூலியும் ஒண்ணுதான் என்ற நியாயம் அந்தச் சிரிப்புக்குள் இருந்தது.

கத்ரீனாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவளுடைய முதல் பெயர் 'கர்பான்செரா', அதாவது கொண்டைக்கடலைக்காரி. பூர்வகுடி ரத்தத்தில் பிறந்துவிட்டு, அதை மறைத்து ஐரோப்பியச் சீமாட்டி மாதிரி அலங்கரித்துக்கொண்டவர்களைக் குத்திக்காட்டும் பட்டப்பெயர் அது. மூல அச்சில் அவளுக்கு உடம்பே கிடையாது. தலையும் பிரமாண்ட தொப்பியும் மட்டும்தான். உடம்பில் உடுத்தத் துணி இல்லை, தலையில் மட்டும் தீக்கோழி இறகு!

கசப்பான பக்கமும் உண்டு

இந்தத் தாள்கள் எப்போதும் எளியவர் பக்கமே நின்றன என்று நினைத்துவிட வேண்டாம். 1901-ல் மெக்சிகோ சிட்டியில் ஒரு நடன விருந்தில் போலீஸ் புகுந்து 41 ஆண்களைப் பிடித்தது. அவர்களில் பலர் பெண் உடையில் இருந்தார்கள். அதை வைத்து இதே அச்சகம் கேலித் தாள் போட்டது, படம் வரைந்தவர் பொசாடா. தண்டனைக்கு ஆளானவர்களைப் பார்த்து ஊரே சிரிக்க அந்தத் தாள் உதவியது. எது விற்குமோ அதைப் போடு என்பதுதான் தொழிலின் விதி. இன்றைக்கு ஒருத்தரை வைத்து மீம் போட்டுத் தள்ளும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

பொசாடாவைப் பிறவிப் புரட்சியாளராகக் காட்டியது அவருக்குப் பின் வந்த தலைமுறை. சிலந்தி வடிவ எலும்புக்கூடு ஒன்றை சர்வாதிகாரி உவர்த்தாவின் பெயரால் பல இடங்களில் குறிப்பிடுகிறார்கள். ஆனா பொசாடா இறந்தது 1913 ஜனவரி 20. உவர்த்தா ஆட்சியைப் பிடித்தது அதற்கு அடுத்த மாதம்!

ஆள் பொதுக்குழியில், படம் ஊர்வலத்தில்

பொசாடா வறுமையில் இறந்தார். இலவசக் குழியில் புதைத்தார்கள். கேட்க ஆளில்லாததால் சில ஆண்டுகளில் எலும்புகளும் பொதுக்குழிக்குப் போயின. கர்பான்செரா தாள் வெளியானது அதே 1913-ல், அவர் கண்ணை மூடிய பிறகுதான்.

1920-களில் ஜான் ஷார்லோ என்ற பிரெஞ்சு வம்சாவளி ஓவியர் இந்தத் தாள்களைப் பார்த்து அசந்துபோய், வரைந்தவர் யாருன்னு தேடினார். அவரைப் பற்றி எழுதினார். 1930-ல் பொசாடாவின் படங்கள் பெரிய புத்தகமாக வந்தன, முன்னுரை டியேகோ ரிவேரா. 1947-ல் முடித்த ஒரு சுவரோவியத்தில் ரிவேராதான் அந்தத் தலைக்கு முழு உடம்பும் நீள கவுனும் கொடுத்தார். கத்ரீனா என்ற பெயரும் அந்த ஓவியத்தோடுதான் பரவியது. அதில் அவள் ஒரு கையால் பொசாடாவின் கையைக் கோத்திருக்கிறாள், மறுகையால் சிறுவன் ரிவேராவைப் பிடித்திருக்கிறாள். பின்னால் ஃப்ரிடா காலோ நிற்கிறார்.

தொழிலும் சாகவில்லை. 1937-ல் லெயோபோல்தோ மெந்தெஸ் உள்ளிட்டோர் 'மக்கள் அச்சுக்கலைப் பட்டறை'யைத் தொடங்கினார்கள். லினோலியம் தகட்டில் செதுக்கி, பாசிசத்துக்கு எதிராகவும் தொழிலாளர்களுக்காகவும் போஸ்டர் அடித்தார்கள். 2006-ல் ஒஹாக்காவில் ஆசிரியர் போராட்டம் வெடித்தபோது, இளம் கலைஞர்கள் மரக்கட்டையில் செதுக்கிய படங்களைச் சுவரெங்கும் ஒட்டினார்கள். காரணம் எளிது. ஒரு கட்டை, ஒரு உளி, கொஞ்சம் மை இருந்தால் ஒரே ராத்திரியில் ஊருக்கே சேதி சொல்லலாம்.

கத்ரீனா கதை வேறு பக்கம் திரும்பியது. 2015-ல் வந்த 'ஸ்பெக்டர்' ஜேம்ஸ் பாண்ட் படத்தில், மெக்சிகோ சிட்டியில் இறந்தோர் தின ஊர்வலம் போவதாக ஒரு காட்சி. அப்படியொரு ஊர்வலம் அதுவரை அங்கே நடந்ததே இல்லை. சினிமாவைப் பார்த்து அடுத்த ஆண்டே நகரம் நிஜ ஊர்வலத்தை ஆரம்பித்துவிட்டது. அதில் ஆயிரக்கணக்கில் கத்ரீனாக்கள்!

தன் முகத்தை மறைத்து அடுத்தவரின் ஃபேஷனைப் போட்டுக்கொள்வதைக் கிண்டல் செய்யப் பிறந்த படம், இன்றைக்கு அதுவே ஒரு ஃபேஷன். அதுக்காக அந்த டி-ஷர்ட்டை நீங்க தூக்கிப்போட வேண்டியதில்லை. அடுத்த முறை அந்த மண்டையோடு உங்க ஸ்க்ரீனில் சிரிக்கும்போது, தொப்பியை விட்டுட்டு அதன் பல்லைப் பாருங்க. அது யாரைப் பார்த்துச் சிரிக்குதுன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்!