மூன்று மாதக் கணக்கு

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அச்சுவேலியில் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் இருந்தாலே புதுக்கார்க் கதைதான். விலை, வரி, லீசிங் வட்டி எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருவர் கேட்பார்: "இவ்வளவு காசைக் கொட்டி எடுத்த கார் பழுதாப் போச்செண்டால் திருப்பிக் குடுக்கேலாதோ? மொன்றியல் மச்சான் குடுக்கலாமெண்டு சொல்லுறானே."

மச்சான் சொல்வது சரி, அங்கே. அமெரிக்காவில் கனெக்டிகட் 1982இல் தொடக்கிவைத்த 'லெமன் லோ' (பழுதுக் கார்ச் சட்டம்) வகைச் சட்டம் மொன்றியல் இருக்கும் கியூபெக்குக்கு 2023இல் வந்தது. ஒரே பழுதை மூன்று தரம் திருத்தியும் சரிவராவிட்டால் அங்கே நீதிமன்றம் போகலாம். சிங்கப்பூரில் 2012 செப்டெம்பரிலிருந்து, வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது விற்றவர் பாடு.

இலங்கையில் காருக்கென்று அப்படித் தனிச்சட்டம் இல்லை. 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விற்கும் சாமான் விற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆனால் காரை ஏற்றுக்கொண்டு ஓடத் தொடங்கினால், திருப்பிக் கொடுக்கும் உரிமை போய் நட்டஈடு கேட்பதுதான் மிஞ்சும். அதற்கும் வழக்குப் பேசவேண்டும்.

நமக்குக் கைகொடுக்கக்கூடியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். கொடுத்த உத்தரவாதத்துக்குச் சாமான் ஒத்துவரவில்லை என்றால், அதிகாரசபை விசாரித்து நட்டஈடு கொடு, மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிடலாம் என்கிறது 13ஆம் பிரிவு. வாயால் சொல்லாமல் விளங்கிக்கொள்ளப்படும் உத்தரவாதமும் இதற்குள் அடங்கும். வாசிக்க நல்லாத்தான் இருக்கிறது.

இடக்கு அடுத்த வரியில். முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து. வாரண்டிப் புத்தகத்தில் மூன்று வருடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. "அடுத்த சேவிசுக்குக் கொண்டு வாங்கோ, பாப்பம்" என்று கம்பனியில் மரியாதையாகத்தான் சொல்வார்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடுகிற நம்மூர்க் காருக்கு அடுத்த சேவிஸ் வருமுன் மூன்று மாதம் போய்விடும். சட்டம் எழுதியவர்கள் வானொலிப் பெட்டியை நினைத்து எழுதினார்களோ என்னவோ!

ஆகவே முதல் தரம் காரை விடும்போதே ஜொப் காட்டைக் கவனியுங்கள். நீங்கள் சொன்னது ஒன்று, அவர்கள் எழுதுவது 'பொதுப் பரிசோதனை' என்றிருக்கும். "நிறுத்தி எடுக்கும்போது இரண்டாம் கியரில் உதறுகிறது" என்று உங்கள் வசனத்தையே எழுதச் சொல்லி, திகதியும் மீற்றரில் உள்ள கிலோமீற்றரும் போட்ட பிறகு ஒப்பமிடுங்கள். பிரதி கையில் வரவேண்டும். டாஷ்போட்டில் எரியும் விளக்கைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஊர்க் கராஜில் கைராசிக்காரர் இருப்பார், தெரியும். ஆனால் அவர் ஒரு நட்டைக் கழற்றினாலும் கம்பனி அதையே சாட்டாகப் பிடிக்கும்.

லீசிங்கில் எடுத்திருந்தால் முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. அவர்களுக்கும் முறைப்பாட்டுக் கடிதத்தின் ஒரு பிரதி போடுங்கள். கார் கராஜில் நிற்கிறது என்பதற்காகத் தவணையை நிறுத்திவிடாதீர்கள்.

ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் காருக்கும் இந்த 13ஆம் பிரிவைக் காட்டலாம். ஆனால் "எஞ்சினுக்கு நான் பொறுப்பு" என்று விற்பவர் சொன்னால், அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அதிகாரசபையின் யாழ்ப்பாண அலுவலகம் கச்சேரியில் இருக்கிறது. 1977க்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். ஆனால் போனில் சொன்னது எழுத்து முறைப்பாடு ஆகாது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்திருங்கள். கட்டளை வந்தும் வியாபாரி காசு கட்டாவிட்டால், நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் அந்தத் தொகையைத் தண்டப்பணம் அறவிடுவதுபோல் அறவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது.