வீட்டு வாசலுக்கு வந்த பல்கலைக் கழகம்

விஞ்ஞானத்தின் துணையின்றி இன்று எத்தொழிலும் நடைபெறுவதில்லை. விவசாயியின் கிணற்றிலே மின்சாரப் பம்பு நீர் இறைக்கிறது. நெசவாளியின் ஜக்கார்டு டிசைனைக் கணிப்பொறி வரைந்து தருகிறது. அங்ஙனமே கல்வித் துறையிலும் புதிய சாதனங்கள் புகுந்து, பல்கலைக் கழகத்தின் மதிற்சுவர்களைத் தாண்டிப் பாடங்களை வெளியே கொண்டுவந்துவிட்டன. நாம் மேற்பார்வைக்குச் செல்லும் சங்கங்களில் அங்கத்தினர் அடிக்கடி நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “பெரிய பேராசிரியர்களின் பாடமெல்லாம் செல்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறதாமே; பையனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டோம்; இனி அவன் தறியில் இருந்துகொண்டே பட்டம் பெற்றுவிடுவான் அல்லவா?” என்பதே அது. இக்கேள்விக்கு விடை கூற, சாதனங்களைக் கொண்டு பல்கலைக் கழகம் ஒன்றையே எழுப்பிய நாட்டின் அனுபவத்தை ஆராய்வது பயன் தரும்.

ராச்டேல் காட்டிய வழி

அந்நாடு கூட்டுறவாளர்களாகிய நமக்குப் புதியதன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் 1844-ஆம் ஆண்டு 28 தொழிலாளர்கள் கூடித் தொடங்கிய பண்டகசாலையை நாம் அனைவரும் அறிவோம். அவர்களுள் நெசவாளர் பலர். மாவும் சர்க்கரையும் விற்ற அச்சங்கம், புத்தகசாலையும் வாசக சாலையும் வைத்து நடத்தியது. லாபத்தில் 100-க்கு 2½ வீதம் கல்விக்கென ஒதுக்குவதையும் பின்னர் விதியாகக் கொண்டது. பகலெல்லாம் உழைத்தவன் இரவிலே படிக்க விரும்பினால், அவனுக்கு இடமும் விளக்கும் துணையும் தருவது சங்கத்தின் கடமை என்று அவர்கள் கருதினர்.

திறந்தவெளிப் பல்கலைக் கழகம்

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அந்நாட்டில் பல்கலைக் கழகம் சிலருக்கே உரியதாக இருந்தது. 1963-ஆம் ஆண்டில் தொழிற் கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன், வானொலி, தொலைக்காட்சி வழியே உயர்கல்வி புகட்டும் ஒரு பல்கலைக் கழகம் வேண்டுமென்று கிளாஸ்கோ நகரில் பேசினார். அவர் பிரதம மந்திரியானபின், அக்கருத்துக்கு உருக் கொடுக்கும் பொறுப்பு ஜென்னி லீ அம்மையாரிடம் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகிய அவர், ஏழைக்கென்று தரங் குறைந்த பட்டம் ஒன்றை வழங்க இசையவில்லை. ஏனைய பல்கலைக் கழகப் பட்டங்களுக்குச் சற்றும் தாழாத பட்டமே வேண்டுமென உறுதியாக நின்றார். பத்திரிகைகளும் எதிர்க் கட்சியினரும் இதனை எள்ளி நகையாடினர். ஆயினும் 1969-இல் அரச சாசனம் பெற்று, மில்டன் கீன்ஸ் என்னும் புதிய நகரில் திறந்தவெளிப் பல்கலைக் கழகம் நிறுவப்பெற்றது. 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களுடன் பாடங்கள் தொடங்கின. சேருவதற்கு முன் தேர்ச்சி எதுவும் கேட்கப்படவில்லை. வாசல் அகலமாகத் திறந்திருந்தது. ஆனால் பட்டம் பெற்று வெளியேறும் வழியில் கண்டிப்புச் சிறிதும் குறையவில்லை.

சாதனமும் அதன் பின்னணியும்

உலகம் வியந்து நோக்கியது பி.பி.சி. ஒளிபரப்பிய பாடங்களையே. வேலைக்குச் செல்லுமுன் அதிகாலையிலும், வேலை முடிந்தபின் இரவிலும் மாணவர் அவற்றைக் கண்டனர். ஆனால் தொலைக்காட்சி அத்திட்டத்தின் ஒரு பகுதியே. அறிஞர்களும் ஒளிபரப்பாளரும் குழுவாக அமர்ந்து எழுதிய அச்சுப் பாடங்கள் தபாலில் வந்தன. விஞ்ஞானம் பயின்றோர்க்குச் சோதனைக் கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்று வீட்டுக்கே அனுப்பப்பட்டது. கைக்கு அடக்கமான நுண்ணோக்கி ஒன்றும் அதில் இருந்தது. சமையலறை மேஜையே ஆய்வுக்கூடமாயிற்று. குறித்த தேதிக்குள் மாணவர் விடைகளை எழுதி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் அமைந்த துணையாசிரியர் அவற்றைத் திருத்திக் குறிப்பெழுதி அனுப்புவார். ஊர்தோறும் படிப்பு மையங்கள் இருந்தன. விடுமுறையிலே காலியாக இருந்த பிற பல்கலைக் கழகங்களில் ஒரு வாரம் தங்கிப் பயிலும் கோடைப் பள்ளிகளும் நடந்தன. வீட்டுத் தனிமையில் படித்த குடும்பப் பெண்ணும் அலுவலக எழுத்தரும் ஒரே கூடத்தில் உண்டு உறங்கி விவாதித்தது அப்போதுதான். பல்கலைக் கழக வாழ்வு என்பதன் சுவையை அந்த ஒரு வாரத்தில் அவர்கள் அறிந்தனர்.

காலப்போக்கில் சாதனங்கள் மாறின. ஒலிநாடா வந்தது, வீடியோ வந்தது, கணிப்பொறியும் இணையமும் வந்தன. பி.பி.சி.யில் அப்பல்கலைக் கழகத்தின் இரவுப் பாட ஒளிபரப்பு 2006 டிசம்பரில் முடிவுற்றது. ஆயினும் பல்கலைக் கழகம் நின்றுவிடவில்லை. தவணை, திருத்தம், ஆசிரியர் தொடர்பு ஆகியவை புதிய சாதனங்களின் வழியே தொடர்ந்தன.

எண்கள் கூறும் பாடம்

இதற்கு மாறான காட்சி ஒன்றையும் காண்போம். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், மின்சுற்று பற்றிய பாடம் ஒன்றை உலகோர் அனைவரும் இலவசமாகப் பயில இணையத்தில் வெளியிட்டது. பதிவு செய்தோர் ஏறத்தாழ 1,55,000 பேர். தேறியோர் ஏறத்தாழ 7,200 பேர். வேடிக்கை பார்க்கச் சேர்ந்தோர் பலர் இருந்திருக்கலாம். 7,200 என்பதும் சிறு தொகையன்று. எனினும், நூற்றுக்கு ஐவர்கூட முடிக்கவில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது. நல்ல பாடம் கையெட்டும் தூரத்தில் இருப்பது ஒன்று. அதனை முடிவுவரை கற்பது மற்றொன்று. தூரத்தைக் கடக்கச் சாதனம் உதவும். பகல் முழுதும் உழைத்த உடலின் அயர்வையும், கேட்க ஆளில்லாத தனிமையையும் கடக்க மனிதர் துணை வேண்டும்.

திறந்தவெளிப் பல்கலைக் கழகத்தின் தொடக்க ஆண்டுகளிலும் ஒரு குறை இருந்தது. முதலில் வந்து சேர்ந்தோருள் பள்ளி ஆசிரியர்களே பெருந்தொகையினர். கையுழைப்பாளிகள் மிகக் குறைவு. வாசல் திறந்திருந்தும், ‘இது நமக்கன்று’ என்று எண்ணியவன் உள்ளே வரவில்லை. அவனைக் கைப்பிடித்து அழைத்துவர அவனுடைய ஊரிலேயே ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. சங்கத்தின் பணி இங்கேதான் தொடங்குகிறது.

நம் நாட்டு வசதிகள்

நம் நாட்டிலும் வாய்ப்புக்குக் குறைவில்லை. 1982-இல் ஆந்திரத்திலும், 1985-இல் இந்திரா காந்தி பெயரால் தேசிய அளவிலும், 2002-இல் தமிழ்நாட்டிலும் திறந்தநிலைப் பல்கலைக் கழகங்கள் தோன்றின. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டம், பொறியியல் முதலிய பாடங்களை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. சில பாடங்கள் தமிழிலும் உள்ளன. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்வயம்’ தளமும் உண்டு. பாடம் கேட்கக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் செலுத்திப் பரீட்சை எழுத வேண்டும்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

முதலாவது, இடம். நெசவாளர் இல்லத்தில் தறிக்குழி போக மீதி இடம் சிறிது, தறியோசையோ பெரிது. மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டிடத்தில் ஓர் அறையையும் ஒரு திரையையும் ஒதுக்குவது பெருஞ்செலவாகாது. சட்டமும் துணை விதிகளும் இடந்தரும் அளவில், பொதுக் குழுவின் ஒப்புதலுடன் இதற்கு வழி காணலாம்.

இரண்டாவது, நேரம். ‘முடிந்தபோது படிக்கலாம்’ என்றால் ஒருபோதும் முடியாது. வாரத்தில் இரு மாலைகளைக் குறித்து, மாணவர் அனைவரும் கூடிப் பயில வேண்டும். பாவு முடிக்க வேண்டிய அவசரமும் அறுவடைக் காலமும் அறிந்து நாட்களைக் குறிப்பது சங்கத்தாருக்கே இயலும்.

மூன்றாவது, ஆசிரியர். ஓய்வு பெற்ற ஆசிரியரோ, ஊரிலுள்ள பட்டதாரியோ ஒருவர் உடனிருந்து ஐயம் தீர்க்க வேண்டும். திரையிலே தோன்றும் பேராசிரியர் எவ்வளவு சிறந்தவராயினும், கடைசி வரிசையில் வாட்டமுற்றிருக்கும் முகத்தை அவர் காண்பதில்லை.

நான்காவது, எச்சரிக்கை. கட்டணம் செலுத்துமுன், அப்படிப்புக்கும் அதனை நடத்தும் நிறுவனத்துக்கும் பல்கலைக் கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று சங்கமே விசாரித்துச் சொல்ல வேண்டும். விளம்பரத்தை நம்பி உழைத்த கூலியை இழப்பது பெருங்கொடுமை.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். பஸ் வசதியின்மையாலும், தார் சுற்ற ஆள் வேண்டுமென்பதாலும் பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திய பெண்கள் நம் நெசவாளர் குடும்பங்களில் பலர். சங்கக் கட்டிடம் தெருமுனையில் உள்ளது. பலர் கூடிப் படிக்கும் அவ்விடத்துக்குத் தம் பெண்ணை அனுப்ப எந்தத் தாயும் தந்தையும் தயங்கார்.

ஆகவே அங்கத்தினர் கேட்ட கேள்விக்கு நம் விடை இதுவே: செல்பேசி வாங்கிக் கொடுத்தது நல்ல தொடக்கம், மீதிப் பொறுப்பு நம் அனைவருடையதும் ஆகும். தறி மட்டும் இருந்தால் துணி விளைவதில்லை. நூலும் பாவும் கைத்திறனும் விற்பனையும் ஒன்றுகூட வேண்டும். நூலுக்கும் உரத்துக்கும் ஒன்றுகூடிய நாம், நம் மக்களின் அறிவுக்கும் ஒன்றுகூடுவோமாக. அடுத்த பொதுக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் ‘சங்கப் படிப்பு மையம்’ என்ற ஒரு வரியை ஒவ்வொரு சங்கமும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.