பந்தயக் குதிரையும் பணக்கணக்கும்

பரியின் பொருட்டுப் பெரும்பொருள் சென்ற கதை நம்மவர்க்குப் புதிதன்று. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை வாதவூரடிகள் திருப்பெருந்துறையிலே திருப்பணிக்குச் செலவிட்டதையும், அவர்பொருட்டு நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததையும், அன்றிரவே அப்பரிகள் மீண்டும் நரிகளானதையும் சிறு பராயத்திலேயே கேட்டு வளர்ந்தோம். அஃது இறைவன் திருவிளையாடல். ஆயின், பகலிலே பரியெனக் கண்டு பெருவிலை கொடுத்து வாங்கியது பின்னர் நரியாய்ப் போதல், இக்காலக் குதிரைச் சந்தையிலே அற்புதம் எதுவுமின்றி ஆண்டுதோறும் நிகழ்ந்து வருகின்றது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ என்னும் யாத்திரிகர், கடல் வழியாக வந்த குதிரைகளுக்கு அந்நாட்டு மன்னர் அளவிறந்த பொன்னைக் கொடுத்ததையும், பேணும் முறை அறியாமையால் அவற்றுட் பெரும்பாலானவை விரைவில் மடிந்ததையும் எழுதி வைத்துள்ளார். வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் செலவு வேறு என்னும் உண்மை அன்றே புலப்பட்டுவிட்டது.

நமது நகரங்களிலுள்ள 'புக்கி'க் கடைகளின் வாயிலாகவே குதிரைப் பந்தயத்தை நம்மிற் பலர் அறிவர். பந்தயங் கட்டுவோரின் இலாப நட்டத்தை ஈண்டு ஆராயப் புகுந்தோமல்லோம். குதிரையை உடைமையாகக் கொள்வோர், இனம் பெருக்குவோர், விற்போர் ஆகிய முத்திறத்தாரின் கணக்கையே, இத்தொழில் தழைத்தோங்கிய இங்கிலாந்தையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளையும் சான்றாகக் கொண்டு விளக்க முயல்வோம்.

குலமும் ஏடும்

ஓட்டப் பந்தயத்துக்குரிய உயர்குலக் குதிரை இங்கிலாந்திலே தோன்றியது. கீழைத் தேயங்களிலிருந்து 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளிற் கொண்டுவரப்பட்ட பையர்லி துருக்கி, டார்லி அராபி, கொடொல்பின் அராபி என்னும் மூன்று ஆண் குதிரைகளே இக்குலத்தின் தந்தைவழி முதல்வர்கள். 1791ஆம் ஆண்டிலே வெதர்பி என்பவர் இக்குதிரைகளின் வம்சாவளியைத் தொகுத்து ஏடொன்றை வெளியிட்டார். அன்று தொட்டு, அவ்வழியில் வந்த பதிவேடுகளில் இடம்பெறாத குதிரைக்கு இக்குலத்தில் இடமில்லை.

இவ்வேட்டின் விதிகள் பொருளியலிற் பெரும் விளைவுடையன. மாட்டுப் பண்ணைகளிலே செயற்கை முறையாற் சினைப்படுத்துதல் இன்று சாதாரணமாகிவிட்டது. பந்தயக் குதிரைக் குலத்திலோ அது முற்றாக விலக்கப்பட்டுள்ளது. பொலிக்குதிரையும் பெட்டையும் நேரிற் சேர்ந்து பிறந்த குட்டியையே பதிவேடு ஏற்கும். ஆகவே புகழ்பெற்ற பொலிக்குதிரையொன்று ஓராண்டிற் பெறத்தக்க குட்டிகளின் தொகைக்கு எல்லையுண்டு. எல்லையுள்ள பொருளை எல்லாரும் விரும்பின் விலை ஏறும் என்பது பொருளியலின் பாலபாடமன்றோ?

உடைமையாளர் கணக்கு

குதிரையை வாங்கியவர்க்கு விலை முதற்செலவு மாத்திரமே. பழக்குநர்க்கு நாட்கூலி, இலாடம், தீவனம், மிருகவைத்தியர், ஏற்றியிறக்கும் கூலி, காப்புறுதி, பந்தயப் பதிவுக் கட்டணம் எனச் செலவு மாதந்தோறும் வந்துகொண்டேயிருக்கும். குதிரை ஓடினும் செலவு, ஓடாது நொண்டியிருப்பினும் செலவு. வரவோ, வென்றாலன்றிச் சொல்லத்தக்கதாய் இராது. வெற்றிப் பரிசும் முழுமையாக உடைமையாளர் கைக்கு வருவதில்லை. அமெரிக்காவில் வென்ற பரிசிலே குதிரையோட்டிக்குப் பத்திலொன்றும் பழக்குநர்க்குப் பத்திலொன்றும் கொடுப்பது வழக்கம்.

இங்கே மாணாக்கர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மையொன்று உண்டு. விளக்கத்தின் பொருட்டுச் சில எண்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பத்து உடைமையாளர் ஆளுக்கொரு குதிரை வைத்திருக்கின்றனர். ஒவ்வொரு குதிரைக்கும் ஆண்டுச் செலவு 25,000 பவுண். அவை ஓடும் பந்தயங்கள் அனைத்திலுமுள்ள பரிசுத் தொகை 80,000 பவுண். செலவின் கூட்டுத்தொகை 2,50,000 பவுண் ஆதலின், எந்தக் குதிரை வென்றாலும் பதின்மரும் சேர்ந்து 1,70,000 பவுணை இழத்தல் உறுதி. ஒருவர் திறமை மிக்க பழக்குநரை அமர்த்தி வெற்றி பெறலாம். ஆயின் அவர் பெற்ற பரிசு மற்றை ஒன்பதின்மர்க்குக் கிட்டாமற் போன பரிசேயாகும். திறமையால் நட்டத்தை இடம் மாற்றலாமேயன்றி இல்லாமற் செய்தல் இயலாது. கூட்டு நட்டம் குறையவேண்டின், பரிசுப் பணம் வெளியிலிருந்து பெருகுதல் வேண்டும், அல்லது செலவு சுருங்குதல் வேண்டும்.

பரிசுப் பணத்தின் ஊற்று யாது? பார்வையாளர் கட்டணம், ஒளிபரப்பு உரிமை, பந்தயங் கட்டுவோர் பணத்தின் ஒரு பகுதி, உடைமையாளர் தாமே செலுத்தும் பதிவுக் கட்டணம் என்பனவாம். பிரித்தானியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பந்தய வியாபாரிகளிடமிருந்து வரி திரட்டிக் குதிரைத் தொழிலுக்கு வழங்கச் சபையொன்று அமைக்கப்பட்டது. சூதாடுவோர் தொகை குறையின் உடைமையாளர் பரிசும் குறையும் என்னும் பிணைப்பை இதனால் உணரலாம்.

இவ்வாறாயின் மக்கள் ஏன் குதிரை வாங்குகின்றனர்? பலர் அதனை முதலீடு என்று கருதுவதில்லை. தம் நிறங்களை அணிந்த ஓட்டியொருவன் முதல்வனாய் வருதலைக் காணும் இன்பத்துக்கே அவர்கள் விலை கொடுக்கின்றனர். அதில் தவறில்லை. இன்பத்துக்குச் செய்த செலவைத் தொழிலுக்கு இட்ட முதலென்று தம்மையே நம்பச் செய்தலிலேதான் இடர் உண்டு.

பொலிக்குதிரை என்னும் பொற்சுரங்கம்

உடைமையாளர் சிலரைப் பெருஞ் செல்வராக்கிய வழி ஒன்று உண்டு. அஃது ஓடுகளத்திலன்று, ஓடி முடித்தபின் பண்ணையிலே திறப்பது. பிராங்கெல் என்னும் இங்கிலாந்துக் குதிரை 2010 முதல் 2012 வரை 14 பந்தயங்களில் ஓடி, அனைத்திலும் வென்று, ஏறத்தாழ 30 இலட்சம் பவுண் பரிசு ஈட்டியது. 2013ஆம் ஆண்டிலே பொலிக்குதிரையானபோது அதன் கட்டணம் 1,25,000 பவுண். நூறு பெட்டைகளுக்கு அக்கட்டணம் கிடைப்பதாகக் கொள்ளின், ஒரே பருவத்தின் வரவு 1 கோடி 25 இலட்சம் பவுண். மூன்றாண்டு ஓட்டத்தின் ஊதியம் அதில் நாலிலொரு பங்குதானும் இல்லை. 2024இல் அக்கட்டணம் 3,50,000 பவுணாக உயர்ந்தது.

மறுபுறத்தைக் காட்டுவது ஜோன் ஹென்றி என்னும் அமெரிக்கக் குதிரை. 1,100 டொலருக்கு விற்கப்பட்ட அது 65 இலட்சம் டொலருக்கு மேல் வென்றது. எனினும் அது காயடிக்கப்பட்டது. ஆதலின் அதன் பெறுமதி ஓட்டத்தோடு முடிந்தது. ஒன்பது வயதிலும் அஃது ஓடியது. பிராங்கெல் நான்கு வயதில் ஓய்ந்தது. சிறந்த ஆண் குதிரைகளைப் பார்வையாளர் நீண்டகாலம் காணப்பெறாமைக்குக் காரணம் இக்கணக்கே. ஓடினாற் காலொடியலாம், தோற்றாற் கட்டணம் குறையலாம். பண்ணையிலோ வரவு காத்திருக்கின்றது.

இனம் பெருக்குவோர் கணக்கு

பெட்டை வைத்திருப்போர் நிலை வேறு. அவர் பொலிக் கட்டணம் செலுத்தவேண்டும், பதினொரு மாதச் சினைக்காலம் காத்திருக்கவேண்டும், பின்னர்க் குட்டியை ஒன்றரை வயது வரை வளர்த்து ஏலத்துக்கு அனுப்பவேண்டும். சில பெட்டைகள் சினைப்படா. சில குட்டிகள் பிழையா. சிலவற்றின் கால் கோணும். முதலிட்டதற்கும் விற்பதற்கும் இடையே இரண்டரை ஆண்டு கழியும். அதற்குள் சந்தையின் விருப்பம் மாறிவிடுதலும் உண்டு. வட அரைக்கோளத்திலே எல்லாக் குட்டிகளுக்கும் ஜனவரி முதலாந் திகதியே பிறந்தநாளெனக் கொள்ளப்படுவதால், மே மாதத்திற் பிறந்தது பெப்ரவரியிற் பிறந்ததோடு சமவயதினதாய்ப் போட்டியிட நேரும். சில கிழமைத் தாமதமும் விலையைத் தாக்கும்.

இதில் நுட்பமான இடர் ஒன்றும் உண்டு. புதிய பொலிக்குதிரை முதலாண்டிற் சேர்ந்த குட்டிகள் மறு ஆண்டிற் பிறந்து, இரண்டு வயதில் ஓடத் தொடங்கும். பிராங்கெல் 2013இற் பண்ணை புகுந்தது. அதன் குட்டிகள் களம் புகுந்தது 2016இலே. இடைப்பட்ட மூன்று பருவங்களில் அதன் தகுதி எவருக்கும் தெரியாது. பிராங்கெல் நம்பிக்கையை மெய்ப்பித்தது. மெய்ப்பிக்காதவை பல. சந்தைக்கென இனம் பெருக்குவோர், முதற் குட்டிகள் ஓடுமுன்னரே தம் குட்டியை விற்றுவிட முந்துவர். அறியாமைக்கு விலை உள்ளபோதே விற்றல் அவர்தம் தந்திரம். இதன் விளைவாக, உறுதியான கால்களினும் நாகரிகமான வம்சப் பெயரே விலைபோகும் நிலை தோன்றுகின்றது.

ஏலக்களத்திலே

1766ஆம் ஆண்டு இலண்டனில் றிச்சர்ட் ரற்றர்சால் தொடங்கிய ஏலக் கழகம் இன்று நியூமார்க்கட் நகரில் இயங்குகின்றது. பவுணும் சிலினும் மாறிய பின்னரும் அங்கே விலை 'கினி'யிலேயே கேட்கப்படும். ஒரு கினி 21 சிலின். பவுண் விற்றவர்க்கு, மிகுதியான ஒரு சிலின் ஏலக்காரர்க்கு என்பது பண்டை வழக்கு. குதிரை பரியாயினும் நரியாயினும் அச்சிலினுக்குக் குறைவில்லை. திருவிழாவிலே தேர் முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் கச்சான் விற்போர்க்கு வரவு உண்டு. ஏலக்காரர், வைத்தியர், தீவன வியாபாரி ஆகியோர் நிலையும் அத்தகையதே.

வாங்குவோர் நிலையைச் சில சான்றுகள் காட்டும். 1983இல் கென்ரக்கி மாநிலத்துக் கீன்லாந்து ஏலத்திலே ஸ்நாபி டான்சர் என்னும் ஒரு வயதுக் குட்டி 1 கோடி 2 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. அஃது ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. பொலிக்கு விட்டபோது மலட்டுத் தன்மையும் வெளிப்பட்டது. 2006இல் கிறீன் மங்கி என்னும் இரண்டு வயதுக் குதிரை 1 கோடி 60 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அது மூன்று முறை ஓடி, ஒன்றிலும் வெல்லாது, 10,440 டொலர் ஈட்டியது. மாறாக, 1975இல் 17,500 டொலருக்கு விற்கப்பட்ட சியாற்றில் சுலூ 1977இல் அமெரிக்காவின் மும்முடிப் பந்தயங்களையும் வென்றது. கனடாவிற் பிறந்த நோதேண் டான்சரை 25,000 டொலருக்கு வாங்குவார் இல்லை, உருவிற் சிறியதென்று ஒதுக்கினர். 1964இல் அது கென்ரக்கி டேர்பியை வென்றது. 1980களில் அதன் பொலிக் கட்டணம் பத்து இலட்சம் டொலரை எட்டியது.

இவற்றைக் கண்டு குறைந்த விலைக்கு வாங்குதலே அறிவென முடிவு கட்டலாகாது. மலிவாய் விலைபோய் மறைந்த ஆயிரக்கணக்கான குதிரைகளின் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை. வென்றவை நினைவில் நிற்கும், தோற்றவை மறக்கப்படும்.

ஒரு பண்ணையின் வீழ்ச்சி

கென்ரக்கியின் கலுமெற் பண்ணை 1924இல் நிறுவப்பட்டது. 1941 முதல் 1968 வரை அதன் குதிரைகள் எட்டு முறை கென்ரக்கி டேர்பியை வென்றன. அங்கு பிறந்த அலிடார் 1978இல் மும்முடிப் பந்தயங்கள் மூன்றிலும் இரண்டாவதாய் வந்தது. எனினும் பொலிக்குதிரையாகித் தன்னை வென்ற அபேம்டையும் விஞ்சியது. பண்ணையை நடத்தியோர் அலிடாரின் வருங்காலச் சேர்க்கை உரிமைகளை முன்கூட்டியே விற்றும், அதனை நம்பிக் கடன் பெற்றும் செலவிட்டனர். 1980களின் நடுப்பகுதியில் உச்சத்தை எட்டிய ஏல விலைகளும் பின்னர்ச் சரிந்தன. 1986ஆம் ஆண்டு அமெரிக்க வரிச் சட்டம் குதிரை நட்டத்தைக் காட்டி வரியைக் குறைக்கும் வழியை ஒடுக்கியமையும் அதற்கொரு காரணம்.

1990 நவம்பரில் அலிடார் காலொடிந்து மடிந்தது. காப்புறுதிப் பணம் கடனை ஈடுசெய்யப் போதவில்லை. 1991இல் பண்ணை பத்துக் கோடி டொலருக்கு மேற்பட்ட கடனுடன் முறிந்தது. 1992இல் 1 கோடி 70 இலட்சம் டொலருக்கு ஏலத்திற் போயிற்று. வருங்கால வரவை இன்றே உண்போர் நிலை இதுவே. அவ்வரவு ஓர் உயிரின் நான்கு கால்களில் நிற்குமாயின் கேட்கவும் வேண்டுமோ?

கணக்கில் வராத செலவு

குதிரை 25 ஆண்டுக்கு மேலும் வாழவல்லது. ஓடும் காலமோ சில ஆண்டுகளே. எஞ்சிய காலத்துச் செலவை ஏற்பவர் யார்? 1986இல் கென்ரக்கி டேர்பியை வென்ற பேர்டினண்ட் பின்னர் யப்பானுக்கு விற்கப்பட்டது. பொலிக்குதிரையாக ஆதாயம் தராமையால் 2002இல் இறைச்சிக்கெனக் கொல்லப்பட்டது. செய்தி வெளியானபின் பலரும் பதைத்தனர். ஓய்வுபெற்ற குதிரைகளைப் பேணும் நிதிகளுக்கு ஆதரவும் பெருகிற்று. டேர்பி வென்றதற்கே அந்நிலையெனின், பெயரற்றவற்றின் நிலை சொல்லாமலே விளங்கும்.

இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. எமது நெடுந்தீவிலே அந்நியர் ஆட்சிக் காலத்திற் குதிரைகள் வளர்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில அதிகாரி நோலன் அதனை நடத்தினார். ஆண்டோர் சென்றனர், இலாயத்தின் கற்றூண்கள் எஞ்சின. மட்டக்குதிரைகளோ இன்றும் அத்தீவிற் கட்டின்றித் திரிகின்றன, கோடையிலே தண்ணீருக்குத் தவிக்கின்றன. வளர்த்தோர் தம் கணக்கேட்டை மூடிவிட்டனர். உயிர்களின் கணக்கு மூடப்படவில்லை.

வணிகமும் பொருளியலும் பயிலும் எம் கல்லூரி மாணாக்கர், எத்தொழிலை ஆராயும்போதும் மூன்று வினாக்களை எழுப்புவாராக. எல்லார் வரவையும் கூட்டின் எல்லார் செலவுக்கும் போதுமா? வென்றவர் பெயரோடு தோற்றவர் தொகையும் எமக்குக் காட்டப்படுகின்றதா? தொழில் ஓய்ந்தபின் எஞ்சும் சுமை யார் தலையில் விழும்? குதிரைப் பண்ணைக்கு மாத்திரமன்றி, நாளை அவர்கள் கையொப்பமிடப் போகும் ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.